‘நீங்க தூங்குறீங்களா, பிரதர்?’: ஒரு மனநல வார்டு செவிலியரின் கொரோனா நாட்கள்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். நோயாளிகளின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

ஹெட்போன் போட்டுக்கிட்டு மெட்ரோவுல போறவங்க, சமைச்சுக்கிட்டே கேக்குறவங்க, தூக்கம் வராம படுத்துக்கிட்டு கேக்குறவங்க, எல்லாருக்கும் வணக்கம். கடைசியா சொன்ன கூட்டத்துல நானும் கொஞ்ச நாள் இருந்தேன். அதைப் பத்தியும் இன்னைக்குப் பேசப் போறேன்.

நான் ஒரு மனநல செவிலியர். ஆண். ஆஸ்பத்திரியில பெண் செவிலியரை ‘சிஸ்டர்’னு கூப்பிடுவாங்க, எங்களை ‘பிரதர்’. சென்னையில ஒரு மருத்துவமனையோட மனநலப் பிரிவுல வேலை. மருத்துவமனை பேரைச் சொல்லப் போறதில்லை. சொந்த ஊர் தென்காசி பக்கம். பி.எஸ்சி நர்சிங் முடிச்சுட்டு இந்த வார்டுக்கு வந்தப்போ எங்க அம்மா கேட்ட முதல் கேள்வி, “அடிக்க மாட்டாங்களாடா?” ரெண்டாவது கேள்வி, “இதைச் சொன்னா பொண்ணு குடுப்பாங்களாடா?”

கல்யாண வீடுகள்ல இன்னும் ஒரு கேள்வி கேப்பாங்க: “அங்க நர்ஸுக்கு என்னப்பா வேலை? கட்டு போடணுமா, ஊசி போடணுமா?” ரெண்டும் உண்டு. ஆனா வேலையில பெரும்பகுதி வேற. காலையில ஒருத்தர் பல் தேய்ச்சாரா, சாப்பிட்டாரா, மாத்திரையை முழுங்கினாரா இல்லை நாக்குக்கு அடியில வெச்சிருக்காரான்னு பார்க்கணும். சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்பூனை எண்ணணும். பேசாதவர் பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்கணும். கோபம் ஏறுதுன்னு குரலை வெச்சே கண்டுபிடிச்சு, அது கைக்கு வர்றதுக்கு முன்னாடி பேசி இறக்கணும். ஹில்டகார்ட் பெப்லாவ்னு ஒரு அமெரிக்க செவிலியர் 1952-ல ஒரு புத்தகம் எழுதினாங்க. நோயாளிக்கும் செவிலியருக்கும் நடுவுல உருவாகுற உறவே ஒரு சிகிச்சைதான்ங்கிறது அவங்க கருத்து. மனநல செவிலியம் படிக்கிற எல்லாரும் அவங்க பேரைக் கடந்துதான் வரணும்.

அப்போ எங்க கருவி என்ன? முகம், குரல், பக்கத்துல இருக்குறது. இந்த மூணுதான். 2020-ல வந்த வைரஸ் குறி வெச்சது சரியா இந்த மூணையும்தான். முகத்துக்கு மாஸ்க், குரலுக்கு அதுக்கு மேல ஒரு ஷீல்டு, பக்கத்துல இருக்குறதுக்கு ஆறடி.

கைதட்டலும் கை நடுக்கமும்

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. சாயந்திரம் 5 மணிக்கு நாடே மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டியது. நாங்க வார்டு ஜன்னல்ல நின்னு கேட்டோம். எங்க நோயாளி ஒருத்தர், “யாருக்கு பிரதர் கல்யாணம்?”னு கேட்டார். சிரிச்சோம். ரெண்டு நாள் கழிச்சு 24-ஆம் தேதி ராத்திரி ஊரடங்கு அறிவிப்பு. முதல்ல 21 நாள்னு சொன்னாங்க.

செய்தியில எல்லாரும் வென்டிலேட்டர் பத்திப் பேசிக்கிட்டிருந்தாங்க. எங்களுக்கு வந்த முதல் அலை கொரோனா இல்லை. டாஸ்மாக் மூடினது. தினமும் குடிச்சுப் பழகின உடம்புக்கு ஒரே நாள்ல சரக்கு நின்னா, முதல் நாளுக்குள்ள கை நடுங்க ஆரம்பிக்கும், வேர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு ரெண்டு நாள்லயே வலிப்பு வரும். ரெண்டாவது மூணாவது நாள்ல சிலருக்கு டெலிரியம்: நேரம் காலம் தெரியாது, சுவத்துல பூச்சி ஊறுற மாதிரி தெரியும், யாரோ கொல்ல வர்ற மாதிரி தெரியும். கவனிக்காம விட்டா உயிரே போகலாம். இது ஒழுக்கப் பிரச்சினை இல்லை, மருத்துவ அவசரம்.

தயமின் ஊசி, நடுக்கத்தை அடக்குற மாத்திரை, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பு, பிரஷர், நடுக்கம் எல்லாத்தையும் பார்த்து மார்க் போடுற சார்ட். இதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான். ஆனா ஒரே வாரத்துல அத்தனை பேரை ஒண்ணா நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்லை. சென்னைக்குள்ள கடைகள் மறுபடி திறந்தது ஆகஸ்ட் 18-ஆம் தேதிதான். அதுவரைக்கும் பக்கத்து மாவட்டத்துக்குப் போய் வாங்கி வந்தவங்க, கிடைக்காம தவிச்சவங்கன்னு ஏறி இறங்கி வந்துக்கிட்டே இருந்தாங்க.

மனநல வார்டுல எல்லாமே கொஞ்சம் வேற

பொது வார்டுக்கு எழுதின கொரோனா விதிகள் எங்க வார்டுக்குள்ள வந்ததும் முட்டி நின்னுது. சில உதாரணம் சொல்றேன்.

எல்லா இடத்துலயும் சுவத்துல சானிடைசர் மாட்டச் சொன்னாங்க. அதுல இருக்குறது ஆல்கஹால். குடிநோய்க்கு சிகிச்சைக்கு வந்தவர் இருக்குற வார்டுல அதை மாட்ட முடியுமா? நாங்க இடுப்புல கட்டிக்கிட்டோம். மாஸ்க்ல மூக்கு மேல ஒரு சின்ன கம்பி இருக்கும், காதுக்கு எலாஸ்டிக். தன்னைத் தானே காயப்படுத்திக்கிற எண்ணத்துல இருக்குறவர் கையில அதைக் கொடுக்குறதுக்கு முன்னாடி யோசிக்கணும். ஸ்பூனோட சேர்த்து மாஸ்க்கையும் எண்ண ஆரம்பிச்சோம்.

க்ளோசபின்னு ஒரு மாத்திரை இருக்கு. மத்த மருந்துக்குக் கேட்காத ஸ்கிசோஃப்ரினியாவுக்கு அதுதான் பல பேருக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தது. ஆனா சிலருக்கு வெள்ளை அணுக்களைக் குறைக்கும். அதனால ரத்தப் பரிசோதனை தவறாம பண்ணணும். முதல் 18 வாரம் வாராவாரம். பஸ்ஸே இல்லாதப்போ யார் எப்படி வந்து ரத்தம் கொடுக்குறது? அதைச் சாப்பிடுறவருக்குக் காய்ச்சல் வந்தா எங்களுக்கு ரெண்டு பயம்: கொரோனாவா, அணுக்கள் குறைஞ்சுதா? இன்னொண்ணு: சிகரெட் புகை இந்த மருந்தை உடம்பு சீக்கிரம் வெளியேத்தும்படி செய்யும். ஊரடங்குல சிகரெட் கிடைக்காம திடீர்னு நிறுத்தினவருக்கு, அதே டோஸ்ல ரத்தத்துல மருந்து அளவு ஏறிடும். எச்சில் ஒழுகும், நாள் முழுக்கத் தூங்குவார். வீட்டுல “நோய் முத்திடுச்சு”ன்னு நினைப்பாங்க. ஃபோன்ல நாங்க கேட்ட முதல் கேள்வியே, “அண்ணன் சிகரெட் குடிக்கிறாரா, நிறுத்திட்டாரா?”

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, மனநல செவிலியர்னா “பேசிட்டு வர்றவங்க”ன்னு ஒரு நினைப்பு இருக்கு. அந்த நினைப்புனால கவச உடை பங்கீட்டுல நாங்க எப்பவும் கடைசி. “உங்க வார்டுல என்ன இருக்கப் போகுது?”னு கேட்டாங்க. எங்க ஆளுங்க மாஸ்க்கைக் கழட்டி எறிவாங்க, பதட்டத்துல நம்மள இறுக்கிப் பிடிப்பாங்க, ஆறடி தள்ளி நிக்கச் சொன்னா சந்தேகப்படுவாங்க. இதெல்லாம் அந்தக் கேள்வி கேட்டவங்களுக்குத் தெரியலை.

அந்த ராத்திரி

இப்போ நான் சொல்லப் போற விஷயத்துக்காகத்தான் இந்த எபிசோடுக்கே ஒத்துக்கிட்டேன். சம்பந்தப்பட்டவர்கிட்டயும் அவரோட அக்காகிட்டயும் கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

அவரை அச்சகத்து அண்ணன்னு வெச்சுக்கோங்க. ஐம்பது வயசு. இளவயசுல ஒரு பிரஸ்ல எழுத்துக் கோர்த்தவர். பல வருஷமா ஸ்கிசோஃப்ரினியா, க்ளோசபின்ல நல்லா இருந்தவர். அவருடைய பழைய பயம் ஒண்ணு உண்டு: வெள்ளை டிரஸ் போட்டவங்க வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. மருந்துல அது வருஷக்கணக்கா அடங்கிக் கிடந்துது. 2020 ஏப்ரல்ல மாத்திரை கிடைக்காம மூணு வாரம் விட்டுப் போச்சு. பயம் திரும்பி வந்துது. அவர் வார்டுக்கு வந்தார். வந்து பார்த்தா, நாங்க எல்லாரும் தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளை டிரஸ்ல நிக்கிறோம்.

அவர் பொய்யா பயந்தார்னு யாராவது சொல்ல முடியுமா?

என் குரலை மட்டும் அவர் நம்பினார். அதைப் பிடிச்சுக்கிட்டு மருந்தை மறுபடி சின்ன டோஸ்ல இருந்து ஏத்தி, மெல்ல மெல்ல சரியாகிக்கிட்டு வந்தார். ஜூன் 19-ல சென்னையிலயும் சுத்து வட்டாரத்துலயும் மறுபடி முழு ஊரடங்கு. அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல். ஸ்வாப் எடுத்து அனுப்பிட்டு, ரிசல்ட் வர்ற வரைக்கும் தனி ரூம்ல வெச்சோம்.

இங்க ஒரு சட்டம் குறுக்க வருது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உள்ள ஒருத்தரைத் தனிமைச் சிறை மாதிரி அடைச்சு வைக்கக் கூடாதுன்னு சொல்லுது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேற வழியே இல்லைன்னாதான் கட்டுப்படுத்தலாம், அதையும் பதிவு செய்யணும். அப்போ தொற்றுக்காகத் தனிமைப்படுத்துறதுக்கும் அடைச்சு வைக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்? எங்க இன்சார்ஜ் சிஸ்டர் அதுக்கு ஒரு எளிய விதி வெச்சிருந்தாங்க: “கதவு பூட்டக் கூடாது. வெளியில ஒரு நாற்காலி, நாற்காலியில ஒரு ஆள். உள்ள இருக்குறவர் தலையைத் தூக்கினா ஒரு மனுஷனைப் பார்க்கணும்.”

அன்னைக்கு ராத்திரி டூட்டியில ரெண்டு செவிலியர், ஒரு அட்டெண்டர் இருக்கணும். இன்னொரு செவிலியருக்கு சாயந்திரம் பாசிட்டிவ் வந்து போயிட்டாங்க. மாத்து ஆள் வரலை. நானும் அட்டெண்டர் அண்ணனும்தான். ரெண்டு மணி இருக்கும். வார்டோட அந்தக் கடைசியில, அன்னைக்குச் சேர்ந்த ஒரு பையனுக்குக் குடி நிறுத்தினதால வலிப்பு. அட்டெண்டர் அண்ணன் கத்துறார். நான் நாற்காலியில இருந்து எழுந்து ஓடுறேன். பின்னாடி பார்த்தா அச்சகத்து அண்ணன் ரூமை விட்டு வெளியில வந்து, இருபது பேர் தூங்குற ஹாலுக்குள்ள நடக்குறார்.

நான் திரும்பி வந்தேன். அவர் தோளைப் பிடிச்சு உள்ள கொண்டு போனேன். கதவைச் சாத்தினேன். பூட்டினேன்.

நாற்பது நிமிஷம். வலிப்பு வந்த பையனுக்கு ஊசி போட்டு, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, சுகரைப் பார்த்து, டாக்டரைக் கூப்பிட்டு, எல்லாம் முடிய நாற்பது நிமிஷம். முதல் பத்து நிமிஷம் கதவைத் தட்டுற சத்தம் கேட்டுது. அப்புறம் கேட்கலை. கேட்காம போனது எனக்கு நிம்மதியா இருந்துது. அதைத்தான் என்னால மன்னிக்க முடியலை.

திறந்து பார்த்தா, மூலையில போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். உட்கார்ந்த இடத்துலயே சிறுநீர் போயிருந்துது. “அண்ணே”ன்னு கூப்பிட்டேன். போர்வையை விலக்கி, “பிரதர், நீங்களா? வெள்ளை டிரஸ்காரங்க போயிட்டாங்களா?”ன்னு கேட்டார்.

நான், “போயிட்டாங்கண்ணே”ன்னு சொன்னேன்.

அவரைக் கழுவி, துணி மாத்தி, படுக்க வெச்சேன். ரிப்போர்ட் புக்ல எழுதினேன்: “நோயாளி அமைதியாக இருந்தார்.”

ரெண்டு நாள்ல ரிசல்ட் வந்துது. நெகட்டிவ். ரத்த அணுக்களும் சரியா இருந்துது. காய்ச்சலுக்குக் காரணம் சிறுநீர்த் தொற்று.

சோர்வு வேற, இது வேற

அதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் போச்சு. ஹாஸ்டல் ரூம்ல படுத்தா கதவு தட்டுற சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தா யாரும் இல்லை. மாயக்குரல் கேட்குறவங்களோட வேலை பார்க்குற எனக்கு, அந்தச் சத்தம் கொடுத்த பயத்தை நீங்க நினைச்சுப் பாருங்க.

நான் அதை ‘பர்ன் அவுட்’னு நினைச்சேன். லீவ் போட்டேன், ரெண்டு நாள் தூங்கப் பார்த்தேன், பிரியாணி சாப்பிட்டேன். போகலை. ஜொனாதன் ஷேன்னு ஒரு மனநல மருத்துவர், வியட்நாம் போர்ல இருந்து திரும்பின வீரர்களோட வேலை பார்த்தவர். அவர் 1990-கள்ல ‘மாரல் இஞ்சுரி’ங்கிற விஷயத்தைப் பேசினார். தமிழ்ல மனசாட்சிக் காயம்னு சொல்லலாம். எது சரின்னு உனக்குத் தெரியும், ஆனா சூழ்நிலை உன்னை வேற ஒண்ணைச் செய்ய வெச்சுது, இல்லை செய்யாம விட வெச்சுது. சோர்வுக்கு ஓய்வு போதும். இந்தக் காயம் ஓய்வுல ஆறாது. ஓய்வுல அது இன்னும் சத்தமா கேட்கும்.

இந்த நேரத்துல எங்களுக்கு ‘ஆதரவு’ன்னு என்ன வந்துதுன்னு சொல்றேன். மே 3-ஆம் தேதி நாடு முழுக்க ஆஸ்பத்திரிகள் மேல ஹெலிகாப்டர்ல பூ தூவினாங்க. மனசு நல்லாதான் இருந்துது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் இதே சென்னையில, கொரோனாவுல இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் பண்ண விடாம ஆம்புலன்ஸைத் தாக்கினாங்க. அதுக்கு அப்புறம்தான் மருத்துவப் பணியாளரைத் தாக்கினா ஜாமீன் கிடையாதுன்னு அவசரச் சட்டமே வந்துது. என்னோட வேலை பார்க்குற ஒரு சிஸ்டரை ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டார். பூ ஒரு பக்கம், பூட்டு ஒரு பக்கம்.

அப்புறம் வெபினார். ‘மன உறுதியை வளர்ப்பது எப்படி’ன்னு மதியம் ரெண்டு மணிக்கு லிங்க் வரும். நைட் டூட்டி முடிச்சவன் தூங்குற நேரம் அது. அப்புறம் ஒரு கவுன்சிலிங் நம்பர். அந்தப் பக்கம் எடுக்குறது யார்? எங்க டிபார்ட்மென்ட் ஆளுங்களேதான். காலையில ரவுண்ட்ஸ்ல பார்க்குறவர்கிட்ட ராத்திரி, “எனக்குக் கதவு சத்தம் கேட்குது சார்”னு சொல்ல முடியுமா? ‘மென்டல் வார்டு நர்ஸே மென்டல் ஆயிட்டான்’னு கேன்டீன்ல ஒரு ஜோக் ஓடும். அந்த ஜோக்கை நானே முன்னாடி அடிச்சிருக்கேன். நோயாளிகளோட குடும்பத்துக்கு ‘வெட்கப்படாதீங்க’ன்னு வருஷக்கணக்கா வகுப்பெடுத்தவன், தன் விஷயத்துல வெட்கப்பட்டேன்.

சாவி சத்தம்

ஜூலை கடைசி. அச்சகத்து அண்ணன் டிஸ்சார்ஜ் ஆகுறதுக்கு நாலு நாள் முன்னாடி. மாத்திரை கொடுக்கப் போனேன். முழுங்கிட்டு, வாயைத் திறந்து காட்டிட்டு, என் கண்ணையே பார்த்தார். கவசத்துல அது மட்டும்தானே தெரியும்.

“நீங்க தூங்குறீங்களா, பிரதர்?”

நாலு மாசத்துல வேலை இடத்துல யாரும் கேட்காத கேள்வி. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “அண்ணே, அன்னைக்கு ராத்திரி உங்க கதவைப் பூட்டினது நான்தான். அந்தப் பக்கம் ஒரு பையனுக்கு வலிப்பு. ஆள் இல்லை. ஆனா பூட்டினது தப்பு. உங்ககிட்ட பொய் சொன்னதும் தப்பு.”

ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: “சாவி சத்தம் உங்களுதுதான்னு நினைச்சேன். ஆனா நீங்களா இருக்காதுன்னும் நினைச்சேன்.”

அவர் என்னை மன்னிச்சாரான்னு கேட்காதீங்க. அவர் அப்படி எதுவும் சொல்லலை. அந்தப் பையன் நல்லா இருக்கானான்னு மட்டும் கேட்டார். இருக்கான்னு சொன்னேன். “சரி”ன்னார்.

அன்னைக்கு டூட்டி முடிஞ்சதும் இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட போனேன். எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன், இல்லைன்னா ‘பரவாயில்லப்பா, யாரா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பாங்க’ன்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன். ரெண்டும் சொல்லலை. புக்கை எடுத்து என் முன்னாடி வெச்சாங்க.

“எழுது. பழைய என்ட்ரியை அடிக்காத. இன்னைக்குத் தேதி போட்டு, தாமதமா எழுதுறேன்னு சொல்லி எழுது. நீ பூட்டினதை எழுது. எத்தனை நிமிஷம்னு எழுது. அன்னைக்கு எத்தனை பேர் டூட்டியில இருந்திருக்கணும், எத்தனை பேர் இருந்தாங்கன்னும் எழுது.”

கை நடுங்க எழுதினேன். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்துது, பதில் கொடுத்தேன். ஆனா அந்தப் பக்கத்தை எடுத்துக்கிட்டு சிஸ்டர் நர்சிங் சூப்பரின்டென்டென்ட்கிட்ட போனாங்க. மூணு தடவை போனாங்க. ஆகஸ்ட்ல இருந்து எங்க வார்டு நைட் ரோஸ்டர்ல மூணாவது செவிலியர் வந்தார். எனக்குக் கிடைச்ச மிகப்பெரிய மனநல ஆதரவு எதுன்னு கேட்டா, அந்த மூணாவது ஆள்தான்.

உதவினது எது

அதுக்கு அப்புறம் நாங்களா சில விஷயம் ஆரம்பிச்சோம். எதுக்கும் பெரிய செலவு இல்லை.

முதல் விஷயம், பதினஞ்சு நிமிஷம். ஷிஃப்ட் மாறும்போது, டூட்டி நேரத்துக்குள்ளயே, உட்கார்ந்து மூணு கேள்வி: இன்னைக்கு எது கஷ்டமா இருந்துது? எது மனசுல நிக்குது? வீட்டுக்குப் போனதும் யார் யாருக்கு ஃபோன் பண்ணணும்? யாரும் அறிவுரை சொல்லக் கூடாது, அதுதான் ஒரே விதி. முதல் வாரம் எல்லாரும் “ஒண்ணும் இல்ல சிஸ்டர்”னு சொன்னோம். ரெண்டாவது வாரம் இன்சார்ஜ் சிஸ்டரே, “நேத்து வீட்டுக்குப் போகாம பார்க்கிங்ல அரை மணி நேரம் உட்கார்ந்து அழுதேன்”னு சொன்னாங்க. மேல இருக்குறவங்க முதல்ல பேசினாதான் கீழ இருக்குறவங்க வாய் திறக்கும்.

ரெண்டாவது, முகம். 2014-ல மேற்கு ஆப்பிரிக்காவுல எபோலா பரவினப்போ, மேரி பெத் ஹெஃபர்னன்னு ஒரு அமெரிக்கக் கலைஞர் லைபீரியாவுல செவிலியர்களோட சிரிச்ச முகத்தைப் படமா எடுத்து, கவச உடை மேல ஒட்ட ஏற்பாடு பண்ணினாங்க. நாங்களும் ஆளுக்கொரு படம் பிரிண்ட் எடுத்து நெஞ்சுல ஒட்டினோம். மார்க்கர்ல பேர் எழுதினோம். ஒரு பாட்டி என் படத்தைத் தொட்டுப் பார்த்துட்டு, “இதுல நல்லா இருக்க ராசா, நேர்லதான் பயமா இருக்கு”ன்னாங்க.

மூணாவது, வெளி ஆள். நான் எங்க ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மனநல மருத்துவர்கிட்ட போனேன். வெயிட்டிங் ஹால்ல டோக்கன் வாங்கிக்கிட்டு உட்கார்ந்தப்போ தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டேன். எனக்கு முன்னாடி இருந்தவரும் அதே மாதிரி தொப்பியை இழுத்து விட்டிருந்தார். ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன், பேச்சு சிகிச்சையும் எடுத்தேன். நடந்ததை அப்படியே, சின்னதாக்காம பெருசாக்காம சொல்லக் கத்துக்கிட்டதுதான் அதுல நடந்த வேலை. ஒருநாள் அந்தப் பதினஞ்சு நிமிஷத்துல, “நான் மாத்திரை சாப்பிடுறேன்”னு சொன்னேன். ரூம் அமைதியாச்சு. அப்புறம் ஒரு சிஸ்டர், “எந்த டாக்டர்?”னு கேட்டாங்க. அடுத்த வாரம் அட்டெண்டர் அண்ணனும் கேட்டார்.

2021 மே மாசம் ரெண்டாவது அலை வந்தப்போ எங்க வார்டுலயே ஒரு சிஸ்டர் அப்பாவை இழந்தாங்க. இன்னொருத்தர் ஆக்சிஜன் படுக்கை தேடி சொந்த அண்ணனுக்காக ராத்திரி முழுக்க ஃபோன் பண்ணிக்கிட்டிருந்தார். முதல் அலையை விட அது பல மடங்கு மோசம். ஆனா அந்தத் தடவை யாரும் தனியா இல்லை. அவங்க டூட்டியை யார் எடுக்குறதுன்னு அந்தப் பதினஞ்சு நிமிஷத்துல முடிவாச்சு. யார் அழுதாலும் யாரும் ‘தைரியமா இரு’ன்னு சொல்லலை.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

கேட்டுக்கிட்டிருக்குற உங்கள்ல பல பேர் ஐடியில, பேங்க்ல, டெலிவரியில வேலை பார்ப்பீங்க. ‘சூழ்நிலை அப்படி’ன்னு சொல்லி நாம செஞ்ச ஒண்ணு, எந்த வேலையிலயும் இருக்கும். அதை எழுதி வைக்க ஒரு பக்கமும், அந்தப் பக்கத்தை எடுத்துக்கிட்டு மேல போக ஒரு ஆளும் இருந்தா, அந்த வேலை இடம் நல்ல இடம். இல்லைன்னா, அந்த ஆளா நீங்க இருக்க முடியுமான்னு பாருங்க.

உங்க நண்பர் யாராவது செவிலியரா இருந்தா, தயவுசெஞ்சு ‘நீங்கள்லாம் தெய்வம்’னு சொல்லாதீங்க. தெய்வத்துக்குத் தூக்கமும் தேவையில்லை, மூணாவது ஆளும் தேவையில்லை. அவங்களுக்குத் தேவை. “இந்த வாரம் எந்த ஷிஃப்ட்?”னு கேளுங்க. நைட் முடிச்சு வர்றவங்களுக்கு டிஃபன் வாங்கி வெச்சுட்டு, பேசாம தூங்க விடுங்க.

மனசு சரியில்லாம, யார்கிட்ட பேசுறதுன்னு தெரியாம இருந்தா, டெலி மானஸ் இலவச எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபர்ல தொடங்கினது. தமிழ்லயே பேசலாம். நான் போன மாதிரி தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு உட்கார வேண்டிய அவசியம் கூட இல்லை.

அச்சகத்து அண்ணன் இப்பவும் மாசாமாசம் ரத்தப் பரிசோதனைக்கு ஓ.பி.க்கு வர்றார். இந்த எபிசோட் பத்திச் சொல்லி, “உங்க கதையைச் சொல்லலாமாண்ணே?”ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, “அது என் கதை மட்டும் இல்லையே பிரதர், சொல்லுங்க. எழுத்துப் பிழை இல்லாம போடச் சொல்லுங்க”ன்னார். எழுத்துக் கோர்த்தவர் இல்லையா.

போகும்போது வழக்கம் போல அந்தக் கேள்வியையும் கேட்டார். தூங்குறேன்னு சொன்னேன். இந்தத் தடவை அது உண்மை.